அம்மா மடியில் விஞ்ஞான பாடம்!

"அம்மா! மிச்ச நிலா எங்கே போச்சு?"

பிறை நிலாவைப் பார்த்து 5 வயதுக் குழந்தை இப்படிக் கேட்டால் என்ன பதில் சொல்வது?

பள்ளிக்கூடம் போகும் குழந்தையாக இருந்தால், "நாளைக்கு உன் டீச்சரைக் கேள்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அந்தக் குழந்தைக்கு அம்மாதான் டீச்சர் என்றால்?

அமெரிக்காவில் அப்படிப்பட்ட அம்மாக்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள்!

வீடே பள்ளிக்கூடம்

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல், பெற்றோரே வீட்டில் வைத்துப் பாடம் சொல்லிக்கொடுக்க அமெரிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. 1993-ம் ஆண்டுக்குள் 50 மாநிலங்களிலும் இது செல்லும் என்று ஆகிவிட்டது. விதிகள் மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

1999-ல் இப்படி வீட்டிலேயே படித்த பிள்ளைகள் சுமார் 8½ லட்சம் பேர். 2016-ல் அது சுமார் 17 லட்சம் ஆகிவிட்டது. இது அந்நாட்டு அரசின் கணக்கு.

காரணங்கள் பல. சிலருக்கு மதப்பற்று. சிலருக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. சில பிள்ளைகளுக்கு உடல்நலம் சரியில்லை.

எழுத்தும் எண்ணும் சொல்லிக்கொடுக்க எந்தத் தாயும் பயப்படுவது இல்லை. விஞ்ஞானம் என்றால்தான் கலக்கம்! "நான் பள்ளியிலேயே அதில் மட்டம். என் பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?" என்ற தயக்கம்.

5 வயது என்பது பாலர் வகுப்பு வயது. அந்த வயதுக்குச் சோதனைக்கூடமும் வேண்டாம், பாடநூலும் வேண்டாம். குழந்தையைப் பக்கத்தில் உட்காரவைத்து, நல்ல படப் புத்தகம் ஒன்றை வாய்விட்டுப் படித்துக் காட்டினால் போதும். அதுதான் விஞ்ஞான வகுப்பு.

ஆனால் எந்தப் புத்தகம்? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் ஓர் ஆசிரியர் தவறாகச் சொன்னால், அடுத்த ஆண்டு வேறு ஓர் ஆசிரியர் திருத்திவிடுவார். வீட்டில் அப்படித் திருத்துவதற்கு ஆள் இல்லை. அம்மா படித்ததுதான் உண்மை. அம்மா காட்டிய படம்தான் உலகம். புத்தகத்தில் பிழை இருந்தால், அது குழந்தையின் மனத்தில் அப்படியே குடியேறிவிடும்.

படித்தவர்களே தடுமாறினார்கள்!

"பிஞ்சு மனம்தானே! வளர்ந்தால் தானாகத் தெரிந்துகொள்ளும்" என்று சிலர் நினைக்கலாம். அது அவ்வளவு சுலபம் இல்லை.

1987-ல் அமெரிக்காவில் ஒரு குறும்படம் வெளிவந்தது. உலகப் புகழ் பெற்ற ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பட்டமளிப்பு விழா. பட்டதாரிகள் கறுப்பு அங்கியுடன் நிற்கிறார்கள். அவர்களையும் அங்கே இருந்த ஆசிரியர்கள் சிலரையும் பிடித்துக் கேட்டார்கள்.

"கோடையில் வெயில் அதிகமாக இருப்பது ஏன்? சந்திரன் தேய்வதும் வளர்வதும் ஏன்?"

கேட்கப்பட்டவர்கள் 23 பேர். அவர்களில் 21 பேருக்குச் சரியான விடை தெரியவில்லை!

"கோடையில் பூமி சூரியனுக்குப் பக்கத்தில் வருகிறது" என்று பலர் அடித்துச் சொன்னார்கள். உண்மை என்ன? பூமி சூரியனுக்கு மிகவும் பக்கத்தில் இருப்பது ஜனவரி மாதத் தொடக்கத்தில். அப்போது அமெரிக்காவில் கடும் குளிர்! பூமி சாய்ந்த நிலையில் சுற்றுவதுதான் பருவம் மாறுவதற்குக் காரணம்.

இவர்கள் யாரும் மக்குப் பிள்ளைகள் அல்ல. சின்ன வயதில் மனத்தில் பதிந்த தவறான படம், பட்டம் வாங்கிய பிறகும் போகவில்லை. அவ்வளவுதான்.

நட்சத்திரம் எப்படி வந்தது?

நிலாவையே எடுத்துக்கொள்ளலாம். குழந்தைகளின் படப் புத்தகங்களில் பிறை நிலா எப்படி இருக்கிறது? இரண்டு கொம்புகளுக்கும் நடுவில், உள்ளே தள்ளி, ஒரு நட்சத்திரம் மின்னிக்கொண்டு இருக்கும். பார்க்க அழகுதான்!

ஆனால் அந்த இடத்தில் நட்சத்திரம் தெரியவே முடியாது. ஏன்? நிலாவின் இருட்டான பாகம் அங்கே இருக்கிறது. நட்சத்திரமோ நிலாவுக்கு அப்பால், எத்தனையோ தூரத்தில் இருக்கிறது. சுவருக்குப் பின்னால் இருக்கும் விளக்கு கண்ணுக்குத் தெரியுமா?

இந்தப் படத்தைப் பார்த்து வளரும் குழந்தை, "நிலாவை யாரோ கடித்துத் தின்றுவிட்டார்கள்; மிச்சம்தான் இது" என்றே நினைக்கும். மூன்றாம் பிறையை உற்றுப் பாருங்கள். பிறைக்கு உள்ளே மங்கலாக மிச்ச வட்டமும் தெரியும். பூமியில் பட்டுத் திரும்பும் சூரிய வெளிச்சம் நிலாவின் இருட்டுப் பக்கத்தில் விழுவதால் அப்படித் தெரிகிறது.

நிலா பற்றிய புத்தகத்தை வாங்குவதற்கு முன், பிறை இருக்கும் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தால் போதும். அந்த ஒரு படத்திலேயே புத்தகத்தின் தரம் தெரிந்துவிடும்!

ஒரு சொல்லில் இருக்கிறது!

சரியான புத்தகம் எப்படி இருக்கும்? அதற்கும் நிலாவே சாட்சி.

பிராங்க்ளின் பிரான்லி என்பவர் நியூயார்க் நகரில் உள்ள ஹேடன் கோளரங்கத்தில் பணிபுரிந்த வானநூல் அறிஞர். ரோமா கான்ஸ் என்ற அம்மையார் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் பேராசிரியை. குழந்தைகள் படிக்கக் கற்றுக்கொள்வது எப்படி என்பதை ஆராய்ந்தவர். இந்த இருவரும் சேர்ந்து, 1960-ல் சிறுவர்களுக்கான விஞ்ஞானப் புத்தக வரிசை ஒன்றைத் தொடங்கினார்கள். "படிப்போம், கண்டுபிடிப்போம்" என்பது அந்த வரிசைப் பெயரின் பொருள்.

ஒருவர் விஞ்ஞானம் தெரிந்தவர். மற்றவர் குழந்தையைத் தெரிந்தவர். நல்ல ஜோடி!

ஒரு புத்தகத்துக்கு ஒரே ஒரு விஷயம். இதுதான் அவர்கள் பிடித்துக்கொண்ட வழி. பகலும் இரவும் ஏன் வருகின்றன என்று ஒரு புத்தகம். மழைக்கு ஒன்று. நிலாவுக்கு ஒன்று. பிற்காலப் பதிப்புகளில், பாலர் வகுப்புக்கு ஏற்றவை, அதற்கு மேற்பட்ட வகுப்புகளுக்கு ஏற்றவை என்று அட்டையிலேயே பிரித்துக் காட்டினார்கள்.

பிரான்லி எழுதிய நிலாப் புத்தகத்தின் தலைப்பு என்ன தெரியுமா? "சந்திரன் மாறுவது போலத் தெரிகிறது" என்பது அதன் பொருள்.

"சந்திரன் மாறுகிறது" என்று அவர் எழுதவில்லை. "மாறுவது போலத் தெரிகிறது" என்றார். நிலா தேயவும் இல்லை, வளரவும் இல்லை. நம் கண்ணுக்கு அப்படித் தெரிகிறது. அட்டையில் இருக்கும் அந்த ஒரு சொல்லிலேயே பாதிப் பாடம் முடிந்துவிட்டது! இப்படிச் சொல்லை நிறுத்துப் போடும் ஆசிரியர் கிடைத்தால், கண்ணை மூடிக்கொண்டு அவருடைய மற்ற புத்தகங்களையும் தேடலாம்.

படித்து முடித்ததும் ஒரு விளையாட்டு. அறையை இருட்டாக்கி, நடுவில் ஒரு விளக்கை வைக்கவேண்டும். அதுதான் சூரியன். பென்சில் முனையில் ஓர் ஆரஞ்சுப் பழத்தைச் செருகிக் குழந்தையின் கையில் கொடுக்கவேண்டும். அதுதான் நிலா. குழந்தையின் தலைதான் பூமி!

பழத்தைத் தலைக்குக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே குழந்தை இடது பக்கமாக மெதுவாகச் சுற்றவேண்டும். விளக்கைப் பார்த்து நிற்கும்போது பழம் இருட்டாகத் தெரியும். அது அமாவாசை. கொஞ்சம் திரும்பினால் பழத்தின் ஓரத்தில் பிறை! கால் சுற்றுத் திரும்பினால் பாதி நிலா. விளக்குக்கு முதுகைக் காட்டினால் முழு நிலா. பிறகு தேயத் தொடங்கும். பழத்தைத் தாழ்த்திப் பிடித்தால் தலையின் நிழல் அதன்மேல் விழும். அது கிரகணம்!

நிலா தேய்வதற்குப் பூமியின் நிழல் காரணம் அல்ல என்பதை 5 வயதுக் குழந்தை தன் கண்ணால் பார்த்துவிடுகிறது. 21 படிப்பாளிகளைத் தடுமாறவைத்த விஷயம் இந்த மாதிரிதான்.

சட்டை போட்ட கரடி

மிருகங்களைப் பற்றிய புத்தகம் என்றால், கடையில் மலைபோலக் குவிந்து கிடக்கும். கரடி சட்டை போட்டுக்கொண்டு டீ குடிக்கும். முயல் கண்ணாடி மாட்டிக்கொண்டு கடைக்குப் போகும். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்!

கதைக்கு இது சரி. விஞ்ஞானத்துக்குச் சரிதானா?

கனடாவின் டொரண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாட்ரிஷியா கானியா என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்தார்கள். 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். 3 முதல் 5 வயது வரை உள்ள குழந்தைகளுக்கு, அவர்கள் முன்பின் கேட்டிராத பிராணிகளைப் பற்றிய படப் புத்தகங்களைப் படித்துக் காட்டினார்கள். சில குழந்தைகளுக்கு உள்ளது உள்ளபடி எழுதிய புத்தகம். மற்றவர்களுக்கு, பிராணி மனிதனைப் போல நினைப்பதாகவும் பேசுவதாகவும் எழுதிய புத்தகம்.

இரண்டாவது வகையைக் கேட்ட குழந்தைகளுக்குப் புதிய விஷயங்கள் குறைவாகவே மனத்தில் பதிந்தன. அது மட்டும் அல்ல. உண்மையான பிராணிக்கும் மனிதக் குணங்கள் உண்டு என்று அவர்கள் சொன்னார்கள்!

அதற்காகப் பேசும் கரடியை வீட்டைவிட்டுத் துரத்தவேண்டாம். கதை நேரத்தில் அது பேசட்டும். பாட நேரத்தில், கரடி எதைத் தின்கிறது, குளிர்காலத்தில் எங்கே படுக்கிறது என்று சொல்லும் புத்தகம் வேண்டும்.

புழுவுக்குக் கேக்!

அமெரிக்காவில் எந்த வீட்டுக் குழந்தைக்கும் தெரிந்த புழு ஒன்று உண்டு. எரிக் கார்ல் 1969-ல் படம் வரைந்து எழுதிய பசிக்காரப் புழு! திங்கட்கிழமை ஒரு பழம், செவ்வாய்க்கிழமை இரண்டு பழம் என்று தின்றுகொண்டே போகும். சனிக்கிழமை கேக், ஐஸ்கிரீம், சீஸ் எல்லாவற்றையும் ஒரு கை பார்க்கும். கடைசியில் வண்ணத்துப்பூச்சி ஆகும். உலகம் முழுவதும் 5 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற புத்தகம்.

கிழமையும் எண்ணிக்கையும் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல புத்தகம் கிடைப்பது அரிது. ஆனால் வண்ணத்துப்பூச்சி பாடத்துக்கு இது ஒன்றே போதும் என்று நினைத்தால் தவறு.

நிஜப் புழு கேக் தின்பது இல்லை. பெரும்பாலான புழுக்களுக்குக் குறிப்பிட்ட சில செடிகளின் இலைதான் ஆகாரம். அமெரிக்காவில் "மோனார்க்" என்ற ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சி இருக்கிறது. அதன் புழு நம் ஊர் எருக்குக் குடும்பத்தைச் சேர்ந்த பால்செடிகளை மட்டுமே தின்னும். வேறு செடியில் விட்டால் பட்டினி கிடக்கும்!

இன்னொரு விஷயம். அந்தப் புத்தகத்தில் புழு தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொள்கிறது. நூல் நூற்றுக் கூடு கட்டுவது பெரும்பாலும் அந்துப்பூச்சி இனம். நம் பட்டுப்பூச்சியும் அந்த இனம்தான். வண்ணத்துப்பூச்சியின் புழு அப்படிக் கூடு கட்டுவது அபூர்வம். அது கடைசியாக ஒரு முறை தோலை உரிக்கும். உள்ளே இருந்து புதிய ஓடு வெளிப்படும். அந்த ஓட்டுக்குள்ளேதான் மாற்றம் நடக்கும்.

கெட்டிக்காரத் தாய் இந்தப் புத்தகத்தைக் கதையாகப் படித்துக் காட்டுவாள். மறுநாள், நிஜப் புழுவின் புகைப்படங்கள் உள்ள இன்னொரு புத்தகத்தை எடுப்பாள். "இந்தப் புழுவும் அந்தப் புழுவும் ஒன்றா? எங்கே வித்தியாசம்?" என்று கேட்பாள். குழந்தை பிழையைக் கண்டுபிடித்துக் கைகொட்டிச் சிரிக்கும்.

இந்த வேலையைப் புத்தக ஆசிரியரே செய்துவிடுவதும் உண்டு. ஜோனா கோல் எழுதி, புரூஸ் டேகன் படம் வரைந்த "மாயப் பள்ளிக்கூட பஸ்" வரிசை 1986-ல் தொடங்கியது. பஸ் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு தண்ணீர்க் குழாய்க்குள் போகும், பூமிக்குள் போகும். புத்தகத்தின் கடைசியில், "இது நிஜம், இது கற்பனை" என்று ஆசிரியரே பிரித்துச் சொல்லிவிடுவார். நேர்மையான வழி! ஆனால் ஒரு சங்கடம். ஒரே பக்கத்தில் கதை ஒரு புறம், மாணவர்களின் குறிப்பு ஒரு புறம், பாத்திரங்களின் பேச்சு ஒரு புறம். வாய்விட்டுப் படிப்பவருக்கு மூச்சு முட்டும். 5 வயதுக்குக் கதையை மட்டும் படித்துவிட்டு, மற்றதை இரண்டு ஆண்டு கழித்து வைத்துக்கொள்வதே நல்லது.

காதுக்குப் புத்தகம்

கண்ணால் படிக்கும் புத்தகம் வேறு. காதால் கேட்கும் புத்தகம் வேறு.

எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தைக்குச் சின்னச் சின்னச் சொற்கள்தான் முடியும். அதே குழந்தை, பிறர் படித்துக் காட்டினால் பெரிய விஷயத்தையும் புரிந்துகொள்ளும். "எரிமலை", "ஈர்ப்பு விசை" போன்ற சொற்களுக்குக் குழந்தை பயப்படாது. டைனசோர்களின் நீண்ட பெயர்களை 5 வயதுப் பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பிப்பதைப் பார்க்கவில்லையா?

ஆகவே புத்தகத்தை எடுத்த இடத்திலேயே நின்று, மூன்று பக்கங்களைக் காதில் விழும்படி படித்துப் பார்க்கவேண்டும். நாக்கு இடறினால், வாக்கியம் முடிவதற்குள் மூச்சு வாங்கினால், அந்தப் புத்தகம் ஆகாது. சொல்லும் விஷயமும் படமும் ஒரே பக்கத்தில் இருக்கவேண்டும். அம்மா வேரைப் பற்றிப் படிக்கும்போது குழந்தையின் கண் பூவைப் பார்த்துக்கொண்டு இருந்தால் என்ன பயன்?

அளவு தெரியும் படமாக இருந்தால் இன்னும் நல்லது. யானையும் எறும்பும் ஒரே உயரத்தில் அச்சிட்ட புத்தகங்கள் ஏராளம்! ஸ்டீவ் ஜென்கின்ஸ் என்ற ஓவியர் 2004-ல் "நிஜ அளவு" என்ற பொருள்படும் புத்தகம் வெளியிட்டார். அதில் கொரில்லாக் குரங்கின் கை, நிஜத்தில் உள்ள அதே அளவில் அச்சாகி இருக்கிறது. குழந்தை தன் கையை அதன்மேல் வைத்துப் பார்க்கலாம்.

எந்த வருஷத்துப் புத்தகம்?

வீட்டில் பாடம் நடத்தும் குடும்பங்கள் பலவற்றில் ஒருவர் சம்பாத்தியம்தான். பழைய புத்தகக் கடையே கதி. அதில் தவறு இல்லை. உள்பக்கத்தில் அச்சான வருஷத்தை மட்டும் பார்த்துவிடவேண்டும்.

புளூட்டோ 1930-ல் கண்டுபிடிக்கப்பட்டது. 2006-ல் கிரகங்களின் வரிசையிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். அதற்கு முந்திய புத்தகம் 9 கிரகம் என்றே சொல்லும். டைனசோர் வாலைத் தரையில் இழுத்துக்கொண்டு நடப்பதாகப் படம் இருந்தால், அதுவும் மிகப் பழைய சரக்கு. வாலைத் தூக்கிப் பிடித்துத்தான் அவை நடந்தன. சில வகைகளுக்கு இறகு போன்ற போர்வை இருந்ததும் 1996 முதல் சீனாவில் கிடைத்த எலும்புப் படிவங்களால் தெரியவந்தது.

ஆனால் தோட்டத்துக் குருவி 100 ஆண்டுகளுக்கு முன் எப்படிக் கூடு கட்டியதோ, அப்படியேதான் இன்றும் கட்டுகிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அன்னா காம்ஸ்டாக் அம்மையார் 1911-ல் வெளியிட்ட இயற்கைப் பாடப் புத்தகம், இன்றும் வீட்டுப் பள்ளித் தாய்மார்களின் அலமாரியில் இருக்கிறது. அது குழந்தைக்குப் படித்துக் காட்டும் புத்தகம் அல்ல; தாய் படித்துக்கொள்ளவேண்டியது. "தெரியாது" என்று குழந்தையிடம் சொல்ல ஆசிரியர் கூச்சப்படக்கூடாது என்று அதில் அவர் அழுத்தமாகச் சொல்லியிருக்கிறார்.

புதிய அச்சு என்பதால் மட்டும் நம்பிவிடவும் முடியாது. வீட்டுப் பள்ளிக்கென்றே புத்தகம் போடும் மதச் சார்புள்ள சில பதிப்பகங்கள், பூமி தோன்றிச் சில ஆயிரம் ஆண்டுகளே ஆயின என்று புத்தம் புதிதாக அச்சிட்டு விற்கின்றன. விஞ்ஞானிகளின் கணக்கு சுமார் 454 கோடி ஆண்டுகள்! ஆயிரம் எங்கே, கோடி எங்கே? அட்டைப் படத்தின் அழகில் மயங்காமல் உள்ளே புரட்டிப் பார்த்து வாங்கவேண்டியது பெற்றோர் பொறுப்பு.

வாங்காமலேயே படிக்கவும் வழி உண்டு. அமெரிக்காவின் பொது நூலகங்கள் பலவற்றில் புத்தகங்களுக்கு எண் போட்டு அடுக்கி இருப்பார்கள். 500 முதல் 599 வரை விஞ்ஞானம். 520 வானநூல், 580 செடி கொடி, 590 மிருகங்கள். பல தாய்மார்கள் கதைப் புத்தக அலமாரியோடு திரும்பிவிடுகிறார்கள். நான்கு அடி தள்ளிப் போனால் புதையல் இருக்கிறது!

பனியைப் படம் பிடித்தவர்

அந்தப் புதையலில் ஒன்று, ஒரு விவசாயி மகனின் கதை.

வில்சன் பென்ட்லி 1865-ல் வெர்மான்ட் மாநிலத்தில் ஜெரிகோ என்ற ஊரில் பிறந்தார். அவருடைய தாயார் முன்பு பள்ளி ஆசிரியையாக இருந்தவர். 14 வயது வரை மகனுக்கு வீட்டிலேயே அவர்தான் பாடம் சொல்லிக்கொடுத்தார்.

அந்த அம்மாவிடம் பழைய மைக்ராஸ்கோப் ஒன்று இருந்தது. மிகச் சிறிய பொருளையும் பெரிதாகக் காட்டும் கருவி அது. அதை மகனிடம் கொடுத்தார். மற்றப் பையன்கள் பனியை உருட்டி எறிந்து விளையாடினார்கள். இவன் வானத்திலிருந்து விழும் பனித்துகளைப் பிடித்து அதில் வைத்துப் பார்த்தான். ஆறு மூலை! பெரும்பாலானவற்றில் ஆறு. ஆனால் ஒன்றின் வேலைப்பாடு இன்னொன்றில் இல்லை.

வரைய முயன்றான். வரைந்து முடிப்பதற்குள் உருகிவிட்டது. காமிரா வேண்டும் என்று கேட்டான். அதன் விலை, தந்தையின் 10 பசுக்களின் விலை! ஏர் பிடிக்கும் குடும்பம். ஆனாலும் வாங்கிக் கொடுத்தார்கள்.

1885 ஜனவரி 15. ஒரு பனித்துகளின் படம் சரியாக விழுந்தது. அப்போது பென்ட்லிக்கு 19 வயது. அதன் பிறகு 5,000-க்கு மேற்பட்ட படங்களை எடுத்தார். அவற்றில் 2,400-க்கு மேற்பட்டவை 1931-ல் புத்தகமாக வந்தன. அந்த ஆண்டு டிசம்பரிலேயே அவர் காலமானார்.

ஜாக்குலின் பிரிக்ஸ் மார்ட்டின் என்பவர் 1998-ல் இந்தக் கதையைக் குழந்தைகளுக்காக எழுதினார. மேரி அசாரியன் மரக்கட்டையில் செதுக்கி அச்செடுத்த படங்களுக்கு 1999-ல் "கால்டிகாட்" பதக்கம் கிடைத்தது. அமெரிக்காவில் குழந்தைகள் படப் புத்தகத்துக்குக் கொடுக்கப்படும் மிகப் பெரிய மரியாதை அது. பக்கத்தின் நடுவில் கதை, ஓரத்தில் விவரம். கதையை அம்மா படிக்கலாம். குழந்தை "ஏன்?" என்று கேட்டால் மட்டும் ஓரத்துக்குக் கண்ணை ஓட்டலாம்.

இதைப் படித்த பிறகு குழந்தைக்கு ஒரு வேலை காத்திருக்கிறது. வாழ்த்து அட்டைகளிலும் அலங்காரக் காகிதங்களிலும் உள்ள பனித்துகள் படங்களின் மூலையை எண்ணவேண்டும். பலவற்றில் எட்டு மூலை இருக்கும். "தப்பு! தப்பு!" என்று குழந்தை கூவும்.

பனி விழும் ஊராக இருந்தால், கறுப்புத் துணி ஒன்றை வெளியே வைத்து நன்றாகக் குளிரவிட்டு, அதில் விழும் துகளைப் பூதக்கண்ணாடியால் பார்க்கலாம். துணி சூடாக இருந்தால் உருகிவிடும். மூச்சையும் அடக்கிக்கொள்ளவேண்டும்.

புளோரிடா போன்ற தெற்கு மாநிலங்களில் பனி விழுவது அபூர்வம். அங்கே உள்ள தாய்மார்கள் அதே கறுப்புத் துணியில் ஒரு சிட்டிகை உப்புத் தூளைத் தூவிக் காட்டலாம். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு பரலும் சின்னஞ்சிறு பெட்டி போலச் சதுரம் சதுரமாக இருக்கும்.